வெளியில் வளரும் முயல் மண்ணைத் தோண்டுவதை நிறுத்த முடியுமா?

மார்ச் 4, மாலை (கேட்டவர்)

வீட்டுப் பின்பக்கம் அடைப்புக்குள் இரண்டு முயல் வளர்க்கிறோம். ஒன்று ஆண், ஒன்று பெண், இரண்டுக்கும் இன்னும் ஒரு வயது ஆகவில்லை. பெண் முயல் சுவரோரம் முழுக்கத் தோண்டி வைத்திருக்கிறது. மண் போட்டு மூடினால் மறுநாள் காலையில் அதே இடத்தில் மறுபடி குழி. நேற்று வேலிக்கு வெளியே தலை நீட்டிக்கொண்டிருந்தது. தரை முழுவதும் சிமென்ட் போட்டுவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். போடலாமா? தோண்டாமல் இருக்க வேறு வழி உண்டா?

மார்ச் 4, இரவு

சிமென்ட் வேண்டாம். காரணத்தை நாளை எழுதுகிறேன், அதற்கு முன் அவசரமான ஒன்று. இரண்டுக்கும் கருத்தடை அறுவை செய்திருக்கிறதா? இல்லையென்றால் இன்றிரவே ஆணைத் தனியாக எடுத்து வையுங்கள். பெண் முயல் நான்கைந்து மாதத்திலேயே சினை பிடிக்கும். சினை முயல் மறைவான இடமாகப் பார்த்து, பெரும்பாலும் சுவரோரத்தில்தான் குழி பறிக்கும். குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே மறுபடி சினையாகவும் முடியும். அதனால் குட்டி வந்தபிறகு பிரிக்கலாம் என்று காத்திருக்கக் கூடாது.

இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும்படி வையுங்கள். முழுக்கக் கண்ணில் படாமல் பிரித்தால் பிறகு சேர்க்கும்போது கடுமையான சண்டை வரும். நடுவில் இரண்டு வலை, வலைகளுக்கு இடையே ஒரு சாண் இடைவெளி. ஒரே வலையாக இருந்தால் அதன் வழியாகவே கடித்துக்கொள்ளும்.

மார்ச் 5, காலை (கேட்டவர்)

அறுவை செய்யவில்லை. நீங்கள் சொன்னபடி ஆணைப் பிரித்துவிட்டேன். சுவரோரக் குழியின் வாய் சின்னதாக, உருண்டையாக இருக்கிறது. கையை விட்டால் முழங்கை வரை போகிறது, அதற்கு மேலும் போகிறது. வேலியோரம் இருப்பது வேறு மாதிரி, மேலாக நீளத்துக்குக் கீறி வைத்திருக்கிறது.

மார்ச் 5, மதியம்

இரண்டு குழியும் வேறு வேறு என்று நீங்களே பார்த்துவிட்டீர்கள். பாதி வேலை அதோடு முடிந்தது. தோண்டுவதை எப்படி நிறுத்துவது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். முயல் எதற்காகத் தோண்டுகிறது என்பதைக் குழியே சொல்லும், அதைப் பார்க்காமல் மூடிக்கொண்டே இருந்தால் அது தோண்டிக்கொண்டே இருக்கும்.

என்னிடம் மிளகு என்று ஒரு பெண்ணும் சுண்டு என்று ஓர் ஆணும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் அறுவை ஆகிவிட்டது. இவர்களையும் இவர்களுக்கு முன்னால் இருந்தவர்களையும் பார்த்துப் பார்த்து எனக்குத் தெரிந்தது இவ்வளவு.

நிழலில் அகலமாக, ஆழமில்லாமல், உடம்பு படியும் அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தால் அது சூட்டுக்காக. மேல்மண்ணைத் தள்ளிவிட்டு அடியில் இருக்கும் ஈர மண்ணில் வயிற்றை வைத்துப் படுக்கும். இதைத் தடுக்கவே கூடாது. முயலுக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டைக் காது வழியாகவும் இப்படிக் குளிர்ந்த தரை வழியாகவும்தான் வெளியேற்றுகிறது.

வேலியை ஒட்டி நீளத்துக்குக் கீறல் இருந்தால் அந்தப் பக்கம் போக வேண்டும் என்று அர்த்தம். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: பச்சைப் புல்லா, இன்னொரு முயலா, அல்லது இந்தப் பக்கம் இடம் போதவில்லையா. பிரிட்டனில் முயல் நலனுக்காக இயங்கும் ராபிட் வெல்ஃபேர் அசோசியேஷன் ஒரு ஜோடிக்குக் குறைந்தது 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் வேண்டும் என்கிறது. அதுவும் எப்போதும் திறந்திருக்கும் ஒரே இடமாக. அதைவிடச் சின்ன அடைப்பில் வேலியோரம் கீறுவதை எந்த வலையும் நிறுத்தாது. வெளியே போக முடியாதே தவிர, கீறிக்கொண்டேதான் இருக்கும்.

அங்கங்கே சின்னச் சின்னதாகக் கிளறி, பாதியில் விட்டிருந்தால் பொழுதுபோக்கு. அந்தி நேரத்தில் அதிகம் நடக்கும். தனியாக வளரும் முயலிடம் இன்னும் அதிகம்.

வாய் சின்னதாக உருண்டையாக, உள்ளே சரிந்து நீளமாகப் போனால் அது வளை. ஆண் முயல் பள்ளத்தோடு நின்றுவிடும், நீளமான வளையைப் பெரும்பாலும் பெண்தான் பறிக்கும். உங்கள் சுவரோரக் குழி இது. சினையோ, கருத்தரிக்காமலே வரும் பொய்ச் சினையோ இருக்கலாம்.

மார்ச் 5, இரவு

சிமென்ட் பற்றிச் சொல்ல விட்டுப்போனது. நாய், பூனைக்குப் பாதத்தில் மெத்தை போன்ற திண்டு இருக்கிறது. முயலுக்கு அது கிடையாது, வெறும் ரோமம்தான். கெட்டியான தரையிலேயே நாளெல்லாம் உட்கார்ந்திருந்தால் பின்னங்கால் ரோமம் தேய்ந்து, தோல் சிவந்து, புண்ணாகும். அந்தப் புண் லேசில் ஆறாது. போதாக்குறைக்குச் சிமென்ட் வெயிலில் சுடும், மூத்திரம் தேங்கும். ஏற்கெனவே சிமென்ட் தரை உள்ளவர்கள் உடைக்க வேண்டியதில்லை. உலர்புல்லைக் கனமாகப் பரப்பி, தோண்டுவதற்குத் தனியாக மண் தொட்டி வைத்தால் போதும்.

மார்ச் 6

வேலிக்கடியில் பறிக்காமல் இருக்க எந்த வலை போடுவது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

அறுகோணக் கண் உள்ள கோழி வலை வேண்டாம். முயல் அதைக் கொறித்து அறுத்துவிடும். நாய் இழுத்தாலே பிய்ந்துவரும். வெல்ட் மெஷ், அதாவது குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகளைப் பற்றவைத்த வலை வாங்குங்கள், கம்பி 16 கேஜ், அதாவது சுமார் 1.6 மில்லிமீட்டர் தடிமன். கண் அரை அங்குலம். ஓர் அங்குலக் கண்ணில் பெரிய முயல் நுழையாது, ஆனால் எலிக்குஞ்சும் சின்னப் பாம்பும் நுழையும்.

நேராகக் கீழே புதைப்பதா, படுக்கையாக விரிப்பதா என்பது அடுத்த கேள்வி. புதைப்பதென்றால் இரண்டடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்ட வேண்டும். வேர், கல், பழைய குழாய் எல்லாம் குறுக்கே வரும். படுக்கையாக விரிப்பதுதான் எளிது. வேலியின் அடியோடு சேர்த்து ஒன்றரையிலிருந்து இரண்டடி அகல வலையைத் தரையில் விரித்து, கட்டுக்கம்பியால் வேலியோடு நெருக்கமாகக் கட்டி, மேலே மண் போட்டுப் புல் வளர விட வேண்டும். வேலியை மோப்பம் பிடித்துக்கொண்டு வரும் விலங்கு வேலியின் அடியில்தான் பறிக்கும். வலை தட்டுப்பட்டால் இரண்டடி பின்னால் போய்ப் பறிக்கலாம் என்று அதற்குத் தோன்றாது.

வெளிப்பக்கம் விரித்தால் நாய், நரி, பூனை உள்ளே வராது. கட்டுக்கம்பி முனைகளை எல்லாம் கீழ்ப்பக்கம் மடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கால் கிழியும்.

மார்ச் 6, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன், வெளிப்பக்கத்தைப் பற்றி மட்டும் சொல்லியிருக்கிறேன். முயல் பறிப்பது உள்ளேயிருந்து. அதனால் உள்பக்கமும் அதே அகலத்துக்கு விரிக்க வேண்டும், இல்லாவிட்டால் காசு செலவழித்தும் பயனில்லை. ஒரே பக்கத்துக்குத்தான் வலை இருக்கிறது என்றால் உள்பக்கம் வலையும் வெளிப்பக்கம் கனமான தரைக்கற்களும் போடுங்கள்.

அடைப்பின் தரை முழுவதும் வலை விரிப்பது பற்றி: செய்யலாம், ஆனால் மேலே ஒன்றரை அடி மண்ணாவது இருக்க வேண்டும். வலை மேலாக இருந்தால் பறிக்கும்போது நகம் கம்பியில் மாட்டி வேரோடு பிய்ந்துவரும். மிளகுக்கு முன்னால் வளர்ந்த ஒரு முயலுக்கு அப்படி நடந்தது. ரத்தம் நின்றபிறகும் அந்தக் காலை ஊன்ற அவள் பயந்தது எனக்கு இன்னும் மனதைப் பிசைகிறது.

மார்ச் 7

குழியில் நாப்தலீன் உருண்டை போடுங்கள், மிளகாய்ப் பொடி தூவுங்கள், தண்ணீர் பீய்ச்சி மிரட்டுங்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து எதையும் செய்யாதீர்கள்.

நாப்தலீன் முயலுக்கு விஷம். முயல் மூக்கால் மட்டுமே மூச்சுவிடும் பிராணி. வாயால் மூச்சுவிட ஆரம்பித்தால் உயிர் போகும் நிலை என்று பொருள். அதன் மூக்கருகே மிளகாய்ப் பொடி தூவுவது கொடுமை. அந்தப் பொடி முன்னங்காலில் ஒட்டும், அந்தக் காலால்தான் அது முகத்தைத் துடைத்துக்கொள்ளும். தண்ணீர் பீய்ச்சினால் தோண்டுவதை விடாது, நம்மைக் கண்டால் ஓட மட்டும் கற்றுக்கொள்ளும்.

திட்டினாலும் அப்படித்தான். தோண்டுவது அதற்குக் கெட்ட பழக்கம் கிடையாது. வீட்டு முயல் எல்லாமே ஐரோப்பிய முயலின் வம்சம். அந்த இனம் ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருக்கும் தீபகற்பத்தில் தோன்றியது, மண்ணுக்கடியில் வளை பறித்துக் கூட்டமாக வாழ்வது. எத்தனையோ தலைமுறை கூண்டில் வளர்ந்தும் அந்தக் கால்கள் மறக்கவில்லை.

மார்ச் 9 (கேட்டவர்)

காலையிலிருந்து வாய் நிறைய உலர்புல்லைக் கவ்விக்கொண்டு குழிக்குள் போய்வருகிறது. மோவாயின் கீழும் வயிற்றிலும் ரோமத்தைப் பிடுங்குகிறது. என்ன செய்வது?

மார்ச் 9, உடனே

ஒன்றும் செய்ய வேண்டாம். புல் நிறையப் போடுங்கள், தண்ணீர் எப்போதும் இருக்கட்டும், குழிப் பக்கம் யாரும் போக வேண்டாம். நாயையும் குழந்தைகளையும் தள்ளி வையுங்கள்.

இது பொய்ச் சினையாகவும் இருக்கலாம். கருத்தரிக்காமலே உடம்பு சினை மாதிரி நடந்துகொள்ளும், 16, 18 நாளில் அடங்கிவிடும். அப்போதும் இதே மாதிரி புல் சேர்க்கும், ரோமம் பிடுங்கும், பறிக்கும், கிட்டே போனால் உறுமும். வித்தியாசம் தெரிய இன்னும் ஓரிரு நாள் ஆகும். உண்மையான சினை என்றால் மொத்தக் காலம் சுமார் 31 நாள், ரோமம் பிடுங்குவது பெரும்பாலும் கடைசியில்தான்.

மார்ச் 11 (கேட்டவர்)

குழியின் வாயைக் காணோம்! மண் தள்ளி மூடியிருக்கிறது. மேலே முயல் சாதாரணமாகப் புல் தின்றுகொண்டிருக்கிறது. உள்ளே குட்டிகள் மூச்சுத் திணறிவிடாதா? திறக்கட்டுமா?

மார்ச் 11

திறக்காதீர்கள். அதுதான் மூடியது, அதுவே திறக்கும்.

மார்ச் 12

நேற்று ஒரு வரியில் எழுதியதை இன்று விரிவாகச் சொல்கிறேன், பயந்துபோய்த் தோண்டிப் பார்ப்பவர்கள் நிறையப் பேர் இருப்பதால்.

காட்டு முயல் குட்டி போடுவதற்கென்று பெரிய வளையிலிருந்து விலகித் தனியாக ஒரு சின்னக் குருட்டு வளை பறிக்கும். ஒரே வாய்தான். உள்ளே புல்லும் தன் ரோமமும் வைத்துப் படுக்கை போட்டுக் குட்டி ஈனும். பிறகு வாயை மண்ணால் அடைத்துவிட்டு வெளியே வந்துவிடும். நாளொன்றுக்கு ஒரு தடவை, பெரும்பாலும் இருட்டில், திறந்து உள்ளே போய்ச் சில நிமிடம் பால் கொடுக்கும். மறுபடி வெளியே வந்து அடைத்துவிடும். தாய் குட்டிகளோடு படுத்திருந்தால் அந்த வாடைக்கு நரியோ நாயோ வந்துவிடும், விலகி இருப்பதுதான் பாதுகாப்பு. பகலில் அது புல் தின்றுகொண்டு திரிவதைப் பார்த்துக் குட்டிகளைக் கைவிட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அந்த நாளைய பால் இரவிலேயே கொடுத்தாகிவிட்டிருக்கும்.

மூடிய மண் தளர்வாக இருக்கும், காற்று போகும். உள்ளே வெப்பமும் பெரிதாக ஏறி இறங்காது.

வெளிக்காட்டில் திரியும் குழிமுயல், அதாவது ஆங்கிலேயர் ஹேர் என்று சொல்வது, இப்படிச் செய்யாது. பெயரில் குழி இருந்தாலும் அது வளை பறிப்பதில்லை, தரையில் புல்லை அமுக்கிப் படுக்கும். அதன் குட்டி பிறக்கும்போதே ரோமமும் திறந்த கண்ணுமாகப் பிறக்கும். நம் வளர்ப்பு முயலின் குட்டி ரோமமில்லாமல், கண் திறக்காமல் பிறக்கிறது. அந்தக் குட்டிக்குக் குழி வேண்டும். குழிக்குத் தோண்டும் கால் வேண்டும். சிமென்ட் தரை கேட்டவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

தினமும் காலையில் தூரத்திலிருந்தே அந்த மண்ணைப் பாருங்கள். புதிதாகக் கிளறி மூடிய தடம் இருந்தால் தாய் வந்துபோயிருக்கிறது. இரண்டு நாள் சேர்ந்தாற்போல் தடமே இல்லை என்றால் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் திறந்து பாருங்கள். பால் குடித்த குட்டியின் வயிறு உருண்டையாக இருக்கும், குடிக்காததன் தோல் சுருங்கியிருக்கும். கை வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று பயப்படத் தேவையில்லை. தாயின் படுக்கைப் புல்லில் கையைத் தேய்த்துக்கொண்டு தொடுங்கள்.

மார்ச் 15

வீட்டுக்குள் வளர்க்கும் ஆண் முயல் மெத்தையையும் விரிப்பையும் பறிக்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அட்டைப் பெட்டியில் கிழித்த காகிதத்தை நிரப்பிக் கொடுங்கள். மடியில் ஏறிப் பறித்தால் பெரும்பாலும் கவனிக்கச் சொல்கிறது, சில சமயம் இறக்கிவிடச் சொல்கிறது. பூனைக்குப் போடும், ஈரம் பட்டால் கட்டியாகும் மணலைப் பெட்டியில் போட வேண்டாம், தின்றால் குடல் அடைக்கும்.

மார்ச் 18

மண் தொட்டி எப்படி அமைப்பது என்று கேட்டவர்களுக்கு. இதைப் பற்றி எழுத எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அளவு: முயல் முழுசாக நீட்டிப் படுத்தால் வரும் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு. ஆழம் ஒன்றரை அடி, அதற்குக் குறைந்தால் சீக்கிரம் அடித்தட்டு வந்துவிடும், உடனே பழைய இடத்துக்கே போய்விடும். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை. பக்கங்கள் கனமாக இருக்கட்டும். பறிக்கும்போது முயல் முன்னங்காலால் மண்ணை இழுத்துப் பின்னங்காலுக்கிடையே தள்ளும், சேர்ந்ததும் திரும்பி நின்று மார்பாலும் முன்னங்காலாலும் முட்டித் தள்ளும். லேசான பெட்டி என்றால் கவிழும்.

மண்ணில் உரமோ பூச்சிமருந்தோ படிந்திருக்கக் கூடாது. முயல் தன் காலை நக்கிச் சுத்தம் செய்யும், எது ஒட்டினாலும் வயிற்றுக்குள் போகும்.

தொட்டியை வைத்தவுடனே போய்ப் பறிக்காது. மிளகு என் முதல் தொட்டியைச் சுற்றி வந்து மோந்துவிட்டுப் பழைய மூலைக்கே போய்ப் பறித்தாள். பிறகு அந்தப் பழைய குழியிலிருந்தே ஒரு கூடை மண் எடுத்துத் தொட்டியில் மேலாகப் போட்டேன், அவள் புழுக்கையும் நாலைந்து போட்டேன். குழியின் மேல் தரைக்கல் வைத்து, அதை ஒட்டியே தொட்டியையும் நகர்த்தி வைத்தேன். கொத்தமல்லித் தழையைப் பாதி புதைத்தேன். அன்றைக்கு அந்தியில் தழையை இழுத்துத் தின்றவள் அப்படியே பறிக்க ஆரம்பித்தாள். கண் இமை மேலெல்லாம் மண். நான் தாழ்வாரத்தில் உட்கார்ந்து வேறு வேலையே செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். முயல் மனசு நிறைந்து பறிப்பதைப் பார்ப்பது அவ்வளவு நல்ல பொழுது.

சுண்டு பறிப்பது அபூர்வம். அவள் பறித்த பள்ளத்தில் அவள் எழுந்ததும் போய்ப் படுத்துக்கொள்வான்.

இரவில் தொட்டியை மூடி வையுங்கள். அக்கம்பக்கத்துப் பூனைகள் அதைக் கழிப்பிடமாக்கிவிடும்.

மார்ச் 19

தொட்டியில் மணல் மட்டும் போடலாமா என்ற கேள்விக்கு: போடலாம், ஆனால் முயலுக்குச் சீக்கிரம் அலுத்துவிடும். பறிக்கப் பறிக்கச் சரிந்து மூடிக்கொள்ளும், குழி நிற்காது. மண்ணும் மணலும் கலந்து, கைப்பிடியில் பிடித்தால் உருண்டை நிற்கும் அளவுக்கு ஈரம் தெளித்து வையுங்கள். தூசியாகப் பறக்கும் மணல் மூக்குக்கும் கண்ணுக்கும் ஆகாது.

மார்ச் 24 (கேட்டவர்)

நேற்று நல்ல மழை. வளையில் தண்ணீர் இறங்கியிருக்குமோ என்று தூக்கமே இல்லை. இன்று காலை மண் தடம் இருந்தது.

மார்ச் 24

தடம் இருந்தால் நல்லது. அந்த இடத்தின் மேல் தார்ப்பாயைச் சரிவாகக் கட்டுங்கள், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், தாய் தாராளமாக வந்துபோகும்படி. மேட்டுப் பக்கம் கையகல வாய்க்கால் கீறித் தண்ணீரைத் திருப்பிவிடுங்கள்.

மழை என்றதும் இன்னொன்று. ஈரமான அழுக்கு ரோமத்தில், முக்கியமாக வாலடியில், ஈ முட்டை வைத்தால் ஒரே நாளில் புழு வந்து தோலைத் தின்ன ஆரம்பித்துவிடும். வெயிலும் ஈரமும் சேர்ந்த நாட்களில் காலை, மாலை இரண்டு வேளையும் வாலடியைப் பார்த்துவிடுங்கள். மண்ணில் புரளும் முயலுக்கு இது கட்டாயம். புழுவைக் கண்டால் அந்த நிமிடமே மருத்துவரிடம் போக வேண்டும்.

சிமென்ட் வேண்டவே வேண்டாம் என்று ஆரம்பத்தில் சொன்னதையும் இந்த மழையை நினைத்துக் கொஞ்சம் தளர்த்துகிறேன். அடைப்பில் கால்வாசி இடத்தில் தரைக்கல் பாவியிருந்தால் மழைநாளில் கால் காய ஓர் இடம் கிடைக்கும், நகமும் ஓரளவு தேயும். மீதி முக்கால்வாசி மண்ணாக இருக்கட்டும்.

மார்ச் 26

முயல் வளைக்குள் போய் வெளியே வரவில்லை, என்ன செய்வது என்று புதிதாக ஒருவர் பதற்றமாகக் கேட்டிருக்கிறார். மேலிருந்து மண்வெட்டி போடாதீர்கள், கூரை இடிந்து முயல் மேலேயே விழும். தண்ணீர் ஊற்றுவதும் புகை போடுவதும் கூடவே கூடாது. பகலில் முயல் தூங்கும். அந்தி சாயும்போது தீவன டப்பாவை வளையின் வாயருகே குலுக்குங்கள், கூட வளரும் முயல் இருந்தால் பக்கத்தில் விடுங்கள். தலை தெரிந்ததும் காதையோ காலையோ பிடித்து இழுக்காதீர்கள். உதறும் வேகத்தில் அதன் முதுகெலும்பே முறியலாம். முழுசாக வெளியே வரட்டும், பிறகு வளையின் வாயில் ஒரு கல்லை வையுங்கள்.

வளையை மூடும்போது எல்லா முயலும் வெளியே இருக்கிறதா என்று எண்ணிவிட்டு மூடுங்கள். தளர்ந்த மண்ணைப் பறிப்பது இன்னும் சுலபம், அதனால் வெறும் மண்ணால் மூடாமல் கல்லும் மண்ணும் கலந்து இடித்து நிரப்பி, மேலே தரைக்கல்.

ஏப்ரல் 1 (கேட்டவர்)

வெளியே வந்துவிட்டன! ஐந்து! ஒன்று மட்டும் வெள்ளை. இன்று அந்தியில் வாயருகே ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன.

ஏப்ரல் 1

ஐந்தும் உயிரோடு வந்ததில் எனக்கும் அவ்வளவு சந்தோஷம். கண் சுமார் பத்தாம் நாளில் திறக்கும், மூன்று வாரத்தில் வெளியே வரும், உங்கள் கணக்கு சரியாக இருக்கிறது. இன்றே வேலியைச் சுற்றி ஒரு தடவை நடந்து பாருங்கள். தாய் நுழையாத சந்தில் குட்டி நுழைந்துவிடும். கதவின் அடியில் இரண்டு அங்குல இடைவெளி இருந்தாலே போதும். தண்ணீர்ப் பாத்திரம் ஆழமில்லாததாக இருக்கட்டும்.

ஆண் இன்னும் தனியாகவே இருக்கட்டும்.

ஏப்ரல் 6

வலையை அரையடி புதைத்தால் போதாதா, ஆஸ்திரேலியாவில் அப்படித்தானே செய்தார்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. 1859இல் விக்டோரியாவில் தாமஸ் ஆஸ்டின் வேட்டைக்காக விட்ட முயல்கள் பெருகிப் பரவியதால், மேற்கு ஆஸ்திரேலியாவில் 1901 முதல் 1907 வரை மூன்று வேலிகள் போட்டார்கள், எல்லாம் சேர்த்து 3,000 கிலோமீட்டருக்கும் மேல். வலையை மண்ணுக்குள் 15 சென்டிமீட்டர் இறக்கியிருந்தார்கள். வேலி கட்டி முடிவதற்குள்ளேயே முயல்கள் மறுபக்கம் போய்விட்டிருந்தன.

அந்த வேலியை ஆட்கள் சுற்றி வந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அங்கே ஒரு முயல் ஓரிடத்தில் தடை வந்தால் வேறு பக்கம் போகும், வெட்டவெளி இருக்கிறது. நம் அடைப்பில் அதே முயல் அதே மூலைக்குத் தினமும் வரும். அரையடி அதற்கு ஓர் இரவு வேலை.

ஏப்ரல் 20

வெயில் ஏறுகிறது. 30 டிகிரியைத் தாண்டினால் முயலுக்கு ஆபத்து. மூக்கு வேகமாகத் துடிப்பது, காது சூடாகிச் சிவப்பது, பக்கவாட்டில் சாய்ந்து கிடப்பது எல்லாம் அறிகுறி. நிழலில் உள்ள மண்ணைக் காலையிலேயே நனைத்து வைத்தால் பள்ளம் பறித்துப் படுத்துக்கொள்ளும். சுவர் நிழல் மதியம் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து அங்கே நனையுங்கள், காலை நிழல் மதியத்துக்கு உதவாது.

போன வாரம் மிளகு தொட்டிப் பக்கமே போகவில்லை. நன்றாகத் தின்றாள், ஓடவும் செய்தாள், பறிக்க மட்டும் இல்லை. தூக்கிப் பார்த்தால் முன்னங்காலில் ஒரு நகம் பிளந்து வீங்கியிருந்தது. மருத்துவர் வெட்டி மருந்து போட்டார். எப்போதும் பறிக்கும் முயல் திடீரென்று நிறுத்தினால் நிம்மதி என்று விட்டுவிடாதீர்கள், பாதத்தையும் நகத்தையும் பாருங்கள். வயதான முயல் என்றால் மூட்டு வலியாக இருக்கலாம். அதோடு தீனியும் நின்று அரை நாள் ஆகிவிட்டால் அவசர நிலை, குடல் நின்றுபோயிருக்கலாம்.

மே 8 (கேட்டவர்)

குட்டிகளும் பறிக்க ஆரம்பித்துவிட்டன, அதுவும் வரிசையாக! தாய்க்கு அறுவை செய்தால் தோண்டுவது நிற்குமா? குட்டிகளை எப்போது பிரிப்பது?

மே 8

முழுசாக நிற்காது, குறையும். அறுவைக்குப் பிறகு மிளகு நீள வளை பறிப்பதை விட்டாள், பொய்ச் சினையும் வரவில்லை, கடிப்பதும் போயிற்று. பள்ளம் பறிப்பது அப்படியே இருக்கிறது. தோண்டுவதற்காக இல்லாவிட்டாலும் பெண்ணுக்கு அறுவை செய்துவிடுங்கள். அறுவை செய்யாத பெண் முயல்களுக்கு வயது ஏற ஏறக் கருப்பைப் புற்றுநோய் மிக அதிகமாக வருகிறது. பால் வற்றியபிறகு எப்போது செய்வது என்பதை முயல்களைப் பார்த்துப் பழகிய மருத்துவர் சொல்லட்டும். ஆணுக்கு அறுவை செய்தாலும் சில வாரங்களுக்குக் கருத்தரிக்க வைக்கும் திறன் இருக்கும், ஆறு வாரம் பொறுத்துச் சேர்ப்பது நல்லது.

குட்டிகளுக்கு எட்டு வாரம் ஆகிவிட்டது. இப்போதே மருத்துவரிடம் காட்டி ஆண், பெண் எது என்று பார்த்து, பத்து வாரத்துக்குள் பிரித்துவிடுங்கள். அண்ணன் தங்கை என்றெல்லாம் அவை பார்க்காது. தாயோடு ஆண் குட்டிகளையும் விடக் கூடாது.

தொட்டி ஒன்று போதாது, இன்னொன்று வையுங்கள். ஐந்தும் ஒரே தொட்டியில் ஏறினால் ஒன்று பறிக்கும் மண் இன்னொன்றின் கண்ணில் விழும். பழைய வளையை அவை பெரிதாக்கி நீட்டிக்கொண்டே போகும் முன் கல்லும் மண்ணும் போட்டு நிரப்பிவிடுங்கள். முயல்களை எண்ணிவிட்டு.